இடது கையில் கட்டிய லேஞ்சி

1

இங்கிலாந்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. இந்த நாட்டு அரசாங்கத்துக்கு நான் கொடுத்த படிவங்களை அடுக்கினால் எங்கள் குசினி அலுமாரி நிறைந்துவிடும். வேலைக்குப் படிவம், வீட்டுக்குப் படிவம், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் படிவம், ஒரு கடைவாய்ப் பல்லைக் கழற்றவும் படிவம். ஒன்றிலும் பொய் எழுதியதில்லை. பொய் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் ஆட்கள் வெருட்டி வைத்திருந்தார்கள். என் முதல் பொய்யைப் போன மாரிகாலத்தில், ஒரு நடன வகுப்புப் படிவத்தில் எழுதினேன்.

எழுதினேன் என்பதும் முழு உண்மையில்லை. எங்கள் வீட்டில் படிவம் நிரப்புவது என் மனைவி மங்களம். அவள் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். குடும்பத் தலைவர் என்று ஒரு கட்டம் வரும். அதில் என் பெயரை அவளே எழுதுவாள். தலைவர் கடைசியில் கையெழுத்து மட்டும் வைப்பார்.

எங்களுக்குக் கலியாணமாகி இருபத்தைந்து வருடம் நிறையப் போகிறது என்று மகள் வசந்தி ஒரு கடித உறையைக் கொண்டுவந்து தந்தாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. வேறு நகரத்தில் வேலை. வரும்போது எங்களோடு இங்கிலீசில் கதைப்பாள், நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். இரண்டு பக்கமும் முக்கால்வாசி விளங்கும். உறைக்குள் இருந்தது ஊர்ச் சபை நடத்தும் சோடி நடன வகுப்புக்கான அனுமதிச் சீட்டு. பத்துச் சனிக்கிழமைப் பின்னேரம், வோல்ட்ஸ் என்ற நடனம். பத்தாவது சனிக்கிழமை ஒவ்வொரு சோடியும் சொந்தக்காரர் முன்னால் தனியாக ஆட வேண்டும். ஆடினால் சான்றிதழ் உண்டு.

மங்களம் சிரித்துவிட்டு உறையை மூடி வைப்பாள் என்று நினைத்தேன். அவள் அதை மூன்று தரம் வாசித்தாள்.

"போவம்," என்றாள்.

"உமக்கென்ன விசரே?"

"எனக்கு ஒரு விசரும் இல்லை. எங்கட வீட்டுப் பின்மதிலுக்கு அங்கால சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை அந்தப் பாட்டுக் கேட்கும். ஒண்டு ரெண்டு மூண்டு, ஒண்டு ரெண்டு மூண்டு. நான் கிணத்தடியில உடுப்புத் தோய்க்கிறதே அந்தத் தாளத்துக்குத்தான். அங்கால என்ன நடக்குது எண்டு ஒருநாள் எட்டிப் பாத்ததில்லை. விட்டாத்தானே."

அவள் வீடு திருகோணமலையில், டொக்யாட் வீதிக்குப் பின்னால். அவள் சொன்ன மதிலுக்கு அங்கால் இருந்தது கடற்படைக்காரரின் கன்ரீன். அந்தக் கன்ரீனுக்கு உள்ளே இருந்தவன் நான்.

மங்களம் பேனையை எடுத்துப் படிவத்தை நிரப்பினாள். ஆண் துணையின் பெயர். பெண் துணையின் பெயர். கீழே ஒரு கேள்வி: ஏற்கெனவே பழகிய அனுபவம் உண்டா?

"உங்களுக்கு இருக்கோ?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன்.

2

அந்த நாளில் உட்துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை இருந்தது. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து எங்கள் கொடி பறந்தது. ஆனால் துறைமுகத்தில் மட்டும் அவர்களுடைய கொடியும் பறந்துகொண்டிருந்தது. நான் கன்ரீனில் மேசை துடைக்கிற ஆள். என்னோடு காசிம் காக்கா. கிண்ணியாவுக்கு அப்பால் குறிஞ்சாக்கேணி அவர் ஊர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

நடன மண்டபத்தின் பலகைத் தரைக்கு மெழுகு ஏற்றுவது எங்கள் இருவருக்கும் பொறுப்பு. தேங்காய்ப் பொச்சை இரண்டாகப் பிளந்து, அரை மட்டையை ஒரு காலுக்குக் கீழே வைத்து, மண்டபம் முழுக்க வழுக்கி வழுக்கித் தேய்க்க வேண்டும். முன்னுக்குத் தேய்த்தால் மெழுகில் உன் மற்றக் காலே அடையாளம் போடும். அதனால் பின்னுக்குப் பின்னுக்குப் போவோம். அப்படி ஒரு வருடம் போனவனுக்குத் திரும்பிப் பார்க்காமலே சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இதைத்தான் நேவிக்காரர் பார்த்துவிட்டார்கள்.

சனிக்கிழமை நடனத்துக்கு ஐம்பது நேவிக்காரர் வந்தால் பெண்கள் ஐந்தாறு பேர்தான். தாதிமார் சிலர், பறங்கியர் வீட்டுப் பிள்ளைகள் சிலர். அந்த ஐந்தாறு பேரின் காலை மிதித்துவிட்டால் அடுத்த முறை அவர்களும் வரமாட்டார்கள். ஆகவே வியாழக்கிழமைப் பின்னேரங்களில் பழக்கம் நடக்கும். பழகுவதற்குப் பெண் வேண்டுமே. கன்ரீன் வேலையாட்கள்தான் பெண்.

யார் பெண் என்று குழப்பம் வராமலிருக்க ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பெண்ணாக நிற்பவன் இடது கையில், முழங்கைக்கு மேலே, வெள்ளை லேஞ்சி ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும். மூக்குத் துடைக்கிற அதே லேஞ்சிதான். கட்டினால் நீ பெண். அவிழ்த்தால், போய்த் தேத்தண்ணி கொண்டு வா.

குசினிக்குப் பொறுப்பான ஒரு நேவிக்காரர்தான் பழக்கினார். நெஞ்சை நிமிர்த்து, கையை இங்கே வை, இடது காலை முன்னுக்கு எடு என்று கத்துவார். எல்லாம் ஆண்களுக்கு. லேஞ்சி கட்டிய எங்களுக்கு அவர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. பெண் எப்படியோ பிடித்துக்கொள்வாள் என்பது அவருடைய எண்ணம். நாங்களும் எப்படியோ பிடித்துக்கொண்டோம்.

முதல் நாள் நான் வெட்கத்தில் செத்தேன். காசிம் காக்காதான் குசினிக் கதவடியில் எனக்கு லேஞ்சி கட்டிவிட்டவர்.

"தம்பி, ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுறாய்? என்னப் பார். தாடியோட ஒரு பொம்பிள. என்னையே நாலு பேர் வரிசையில நிண்டு கேக்கிறான். ஒனக்கென்ன, மீசையும் ஒழுங்கா முளைக்கல்ல."

"ஊரில தெரிஞ்சால், காக்கா?"

"நம்மட ஊருக்கு ஆர் சொல்லப் போறது? நீ சொன்னா நான் ஒன்னச் சொல்லுவன். நான் சொன்னா நீ என்னச் சொல்லு. முடிஞ்சிது."

சில வாரம் போனபின் எங்களுக்கு ஒரு பொழுதுபோக்குக் கிடைத்தது. ஒரு சுற்று முடிந்ததும் கதவடிக்கு வந்து, கிணற்றடியில் பெண்கள் கதைப்பது போல, நாங்கள் இருவரும் ஆண்களைப் பற்றிக் கதைப்போம். முதுகில் வைத்த கையை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். ஒருவன் கை சேற்றில் ஊன்றிய தடி மாதிரி. ஒருவன் கை அங்கே இருக்கிறதா என்று தேட வேண்டும். ஒருவன் தன் காலையே பார்த்துக்கொண்டு எங்களைச் சுவரில் கொண்டுபோய்ச் சாத்துவான், பிறகு சுவரைத் திட்டுவான்.

"அந்தச் செம்பட்டத் தலையன் இருக்கானே," என்பார் காசிம் காக்கா, "அவன் மாடு பூட்டி உழுறான். அவனக் கட்டப் போறவள் பாவம். மற்றவன் பரவால்ல. ஒவ்வொரு அடிக்கும் மன்னிப்புக் கேக்கிறான். ஆனா அவளுக்கு நித்திர வந்திரும்."

"உங்கட கை எப்பிடி, காக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அத வீட்டிலதான் கேக்கணும்," என்றார். அந்த வாரம் ஊருக்குப் போகும்போது, வழக்கமாகக் கொண்டுபோகும் பிஸ்கட் பொதியோடு மனைவிக்கு ஒரு சோடிச் செருப்பும் வாங்கிக்கொண்டு தோணித்துறைக்குப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

3

வகுப்பு நடக்கும் மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணித்தியாலம். பதினொரு சோடி. எங்களைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர், அதிகம் பேர் ஓய்வு பெற்றவர்கள். பழக்குபவர் மிஸிஸ் டோசன். எழுபதை எட்டிப் பிடிக்கிற வயது, ஈர்க்கில் உடம்பு, வெள்ளி நிறச் சப்பாத்து.

"ஆண் முன்னுக்கு நடப்பார், பெண் பின்னுக்கு நடப்பார், அவ்வளவுதான்," என்றார்.

இசை தொடங்கியது. மங்களத்தின் கையைப் பிடித்தேன். என் இடது கால் முன்னுக்குப் போக வேண்டும். அதற்குப் பதில் என் வலது கால் தன்பாட்டில் பின்னுக்குப் போனது. மங்களமும் சொன்னபடி பின்னுக்குப் போனாள். இரண்டு பேரும் கையை நீட்டிக்கொண்டு, சேலை மடிக்கிறவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் விலகி நின்றோம்.

"உங்களுக்குள் ஏதும் கோபமா?" என்று மிஸிஸ் டோசன் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாம் வாரமும் அப்படித்தான். மூன்றாம் வாரம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னுக்கு நடந்தேன். அப்போது மற்றக் குறை தெரியவந்தது. மங்களத்தால் பின்னுக்கு நடக்க முடியவில்லை. அவள் சேலையோடுதான் வருவாள். பாவாடை போட்டு வரலாமே என்று மிஸிஸ் டோசன் ஒரு தரம் கேட்டுப் பார்த்து, மங்களத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு கேட்கவில்லை. பின்னுக்கு வைக்கிற ஒவ்வொரு அடியும் குதிக்காலில் சேலைக் கரையை மிதிக்கும். மிதிபடாமலிருக்க அவள் தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்ப்பாள். மிஸிஸ் டோசன் ஓடிவந்து இரண்டு விரலால் தாடையைப் பிடித்து நேரே திருப்பிவிடுவார்.

"பார்க்கக் கூடாது, அன்பே. உங்கள் கணவரை நம்புங்கள்."

ஆறாம் வாரம் அவள் இரண்டு தரம் விழப் போனாள். பஸ்ஸில் திரும்பினோம். தரிப்பிடம் வந்து இறங்கியதும் சொன்னாள்.

"நம்பட்டாம். அவவுக்குச் சொல்லுறது சுகம். உங்களை நம்பி நான் ஏறின றெயிலைப் பற்றி அவவுக்குத் தெரியுமே?"

4

அந்த றெயிலைப் பற்றி வாசிப்பவர்களுக்கும் தெரியாது. சொல்கிறேன்.

கடற்படைத் தளத்தை எங்கள் அரசாங்கத்திடம் ஒப்படைத்தபோது கன்ரீனை மூடினார்கள். அதற்கு முதல் வருடம்தான் எனக்குக் கலியாணம் நடந்திருந்தது. கப்பலொன்றின் குசினியில் சேர்ந்து, கடைசியில் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இந்தத் துறைமுக ஊரில் இறங்கினேன். ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை கிடைத்தது. மூன்று வருடம் கழித்து மங்களத்தையும் பிள்ளையையும் கூப்பிட்டேன்.

கப்பல் லண்டனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அவள் ஒரு கையில் பிள்ளையும் மற்றக் கையில் பையுமாகப் படியில் இறங்கினாள். பாதிப் படியில் நின்று ஒரு தரம் தோளுக்கு மேலால் கப்பலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள். சனக்கூட்டத்தில் அவள் முதுகில் கையை வைத்து, "பயப்பிடாதையும், நான் இருக்கிறன்," என்றேன். மூன்று வருடம் இங்கிலாந்தில் இருந்தவன் என்ற பெருமை வேறு. அதே பெருமையோடு கொண்டுபோய் ஒரு றெயிலில் ஏற்றினேன்.

ஒரு மணித்தியாலம் ஓடியபின்தான் அது வேறு திசைக்குப் போகிற றெயில் என்று எனக்கு விளங்கியது. யாரிடமும் கேட்க வெட்கம். மனைவி முன்னால் கேட்க இன்னும் வெட்கம். கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் கடல் தெரிந்தது.

"வந்திட்டமோ?" என்று மங்களம் ஆசையாகக் கேட்டாள்.

"கிட்ட வந்திட்டம்," என்றேன்.

கடைசி நிலையத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து வீட்டுப் படிவம், பஸ் நேரம், றெயில் நேரம் எல்லாம் அவள் கைக்குப் போனது. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

5

ஆறாம் வாரத்துக்குத் திரும்புகிறேன். அடுத்த நாள் ஞாயிறு. மங்களம் சான்றிதழுக்கென்று சுவரில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். சாமிப் படத்துக்கும் மகளின் பட்டமளிப்புப் படத்துக்கும் நடுவில். "எனக்கும் உங்களுக்கும் ஒரு சேட்டிப்பிக்கற்றும் இல்லை. செத்தாப் பிறகு தாற ஒண்டுதான் மிச்சம்," என்று பகிடியாகச் சொல்வாள். அதோடு, எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரான டொக்டர் குடும்பத்தையும் இன்னும் மூன்று குடும்பத்தையும் பத்தாம் வாரத்துக்கு வரச் சொல்லியும் விட்டிருந்தாள். அதனால் இனிப் பின்வாங்க ஏலாது.

முன்னறையில் கதிரைகளை ஒதுக்கிவிட்டுப் பழகினோம். நாலாவது அடியில் சேலையை மிதித்தாள். அப்படியே கதிரையில் இருந்து அழத் தொடங்கினாள். மங்களம் அழுகிற ஆளில்லை.

"எனக்கு ஏலாது. கண்ணைக் கட்டி நடக்க விட்ட மாதிரிக் கிடக்கு. பின்னுக்கு என்ன இருக்குதெண்டு தெரியாமல் எப்பிடி மனிசர் போறது?"

"இஞ்ச பாரும்," என்று நான் எழும்பினேன். "குதிக்காலை ஊன்றப்படாது. முதல் விரல். பேந்து பாதம். நெஞ்சு எதிரில நிக்கிறவரிட்ட, கால் மட்டும் பின்னுக்கு. அவர் கையில சின்ன அசைவு வரும். அதுக்கு முதல் போகப்படாது. வந்தாப் பிறகும் நிக்கப்படாது." சொல்லிக்கொண்டே வலது கையை உயர்த்தி, இடது கையை இல்லாத ஒருவனின் தோளில் வைத்து, முன்னறையைச் சுற்றி ஒரு முழு வட்டம் பின்னுக்குப் போனேன். வானொலி மேசையைத் தொடாமல் திரும்பினேன். குசினிக் கதவடியில் வந்து நின்றபோதுதான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது.

மங்களத்தின் அழுகை நின்றுவிட்டது.

"இது எங்க பழகினது?"

சொன்னேன். பொச்சுமட்டை, வியாழக்கிழமை, லேஞ்சி, காசிம் காக்கா, எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். முடித்து நிமிர்ந்தபோது அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியில ஒருமாதிரிச் சொல்லிப்போட்டீங்கள்."

"என்ன ஒருமாதிரி?"

"பெரியண்ணை கண்டவர்."

அவளுடைய பெரியண்ணன் டொக்யாட்டில் கிளாக்கர். எங்களுக்குச் சம்பந்தம் பேசிய மாதம், ஏதோ கடதாசியில் ஒப்பம் வாங்கக் கன்ரீனுக்கு வந்திருக்கிறார். வந்த இடத்தில், தங்கச்சிக்குப் பேசிய மாப்பிள்ளை ஒரு நேவிக்காரனின் கைப்பிடியில், கையில் லேஞ்சியோடு, பின்னுக்குப் பின்னுக்குப் போவதைக் கண்டிருக்கிறார். நேரே வீட்டுக்குப் போய்த் தகப்பனிடம் சொல்லிவிட்டார். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவெடுத்தார்கள்.

"பேந்து?" என்றேன்.

"பேந்தென்ன. நான் குசினிக்குள்ள நிண்டனான். அப்ப அவர்தான் வேணும் எண்டு சொன்னன். அண்ணை கத்தினார், அவன் பொம்பிளையாய் நிண்டு ஆடுறான், உனக்கு விளங்குதோ எண்டு. விளங்குது, ஒரு பத்து நிமிசமெண்டாலும் பொம்பிளையாய் நிண்டு பாத்த ஒரு ஆம்பிளை கிடைக்கிறது சும்மாவே எண்டனான்."

"இருபத்தைஞ்சு வருசமா ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். "படிவத்தில அனுபவம் இல்லை எண்டு பொய் எழுத வைச்சிட்டீங்கள். திருப்பி அனுப்பினால் ரெண்டு பேருமாப் போவம். இப்ப வாங்கோ. நான் பிடிக்கிறன். நீங்கள் பின்னுக்குப் போங்கோ."

ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு வந்தாள். என் முதுகில் வலது கையை வைத்தாள். எத்தனையோ நேவிக்காரரின் கையை எடை போட்டவன் நான். இது நல்ல கை. கொஞ்சம் அவசரப்படும், ஆனால் போகிற இடம் அதற்குத் தெரியும். சேலையும் அவளோடு ஒத்துப்போனது. சேலை முன்னுக்கு நடப்பதற்காகவே கட்டுகிற உடுப்பு. மூன்றாவது சுற்றில் நாங்கள் கதைத்துக்கொண்டே ஆடினோம். அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்தது.

6

வீட்டில் நன்றாக ஆடினோம். வகுப்பில் வழக்கம் போலச் சேலை மடித்தோம். எட்டாம் வாரம் மங்களம் மிஸிஸ் டோசனிடம் நேரே போய்க் கேட்டாள். நாங்கள் மாறி ஆடலாமா?

மிஸிஸ் டோசன் கெட்டவர் இல்லை. கனநேரம் யோசித்தார். பிறகு சான்றிதழ்க் கடதாசி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஆண் என்று ஒரு வரி, பெண் என்று ஒரு வரி. ஆண் முன்னுக்கு நடத்திச் செல்வதைத் தான் கண்ணால் கண்டதாகக் கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாததை எழுதத் தன்னால் ஏலாது என்றார். பொய் எழுதப் பயப்படுகிற ஆளை நான் எப்படிக் குறை சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் மங்களம் முடிவு சொன்னாள்.

"முறைப்படியே ஆடுவம். நான் பின்னுக்கு வாறன்."

"சேலை?"

"உயர்த்திக் கட்டுறன். விழுந்தால் விழுவம். சேட்டிப்பிக்கற்றுக்காக மட்டுமில்லை. டொக்டர் வாறார். நாலு பேருக்கு முன்னால உங்களை லேஞ்சி கட்டி நிக்க வைக்க என்னால ஏலாது. அண்ணை ஒராள் பாத்ததே காணும்."

டொக்டர் நல்ல மனிதர்தான். ஆனால் எங்கள் சங்கக் கூட்டத்தில், கட்டிப்பிடித்து ஆடுகிற நடனம் எங்கள் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்று அரை மணித்தியாலம் பேசியவர். பார்க்க வரச் சொன்னதும் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்.

நான் தலையாட்டினேன். முன்னறையில் இரண்டு வாரம் முறைப்படி பழகினோம். அவள் சேலையை மிதித்தாள், நான் அவளை மிதித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. திரை மூடவும் தேவைப்படவில்லை.

7

பத்தாம் சனிக்கிழமை. மண்டபத்தின் மூன்று பக்கமும் கதிரை போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் முன்வரிசை. டொக்டர் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுக் கதிரையில் இருந்தார், பக்கத்தில் அவர் மனைவி. வசந்தி படம் எடுக்கும் பெட்டியோடு சுவரோரம் நின்றாள்.

எங்களுக்கு முன் நாலு சோடி ஆடியது. ஐந்தாவதாக எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். மிஸிஸ் டோசன் பெயரை உடைத்து மூன்று துண்டாக்கி ஒருமாதிரிச் சொல்லி முடித்தார். நடுவுக்குப் போனோம். மங்களம் நீலச் சேலையை ஒரு சாண் உயர்த்தி ஊசி குத்தியிருந்தாள். எனக்கு முன்னால் வந்து நின்றாள். கையைத் தந்தாள். பிறகு மிஸிஸ் டோசன் பார்க்காத நேரம், தலையைத் திருப்பி, தோளுக்கு மேலால் பின்னுக்கு ஒரு பார்வை பார்த்தாள்.

கப்பல் படியில் பார்த்த அதே பார்வை.

அன்றைக்கு அவள் என்னத்தைப் பார்த்தாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் முதுகில் எத்தனையோ பேர் கை வைத்திருக்கிறார்கள், நானும் அவள் முதுகில் ஒரு கை வைத்தேன், அவள் அந்தக் கையை நம்பிக் கண் தெரியாத திசையில் ஒரு நாட்டுக்கே நடந்து வந்துவிட்டாள். எனக்கோ றெயில்கூடத் தெரியவில்லை.

காற்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்தேன். உதறினேன். இடது கையை அவளிடம் நீட்டினேன்.

"கட்டும்."

"என்ன செய்யிறீங்கள்?"

"கட்டும், கெதியாய். பாட்டுத் தொடங்கப் போகுது."

"டொக்டர் இருக்கிறார்."

"இருக்கட்டும்."

"சேட்டிப்பிக்கற்?"

"உமக்கு அது வேணுமே, இல்லாட்டில் ஆட வேணுமே?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முழங்கைக்கு மேலே லேஞ்சியைச் சுற்றி, எனக்குச் சோற்றுப் பொதி கட்டுகிற அதே முடிச்சை இறுக்கிப் போட்டாள். மிஸிஸ் டோசன் ஏதோ சொல்லக் கையை உயர்த்தினார். அதற்குள் இசைத்தட்டுச் சுழலத் தொடங்கிவிட்டது. என் முதுகில் மங்களத்தின் கை வந்தது. போனோம்.

டொக்டர் சிரித்தார். நன்றாகச் சத்தமாகவே சிரித்தார். "வாயை மூடிக்கொண்டு பாருங்கோ," என்று அவர் மனைவி சொன்னதும் கேட்டது. இன்னும் சிலர் சிரித்தார்கள். கூச்சக்காரனுக்கு ஒரு வசதி, பின்னுக்குப் போகும்போது சனங்களின் முகம் கிட்ட வருவதில்லை, தூரத்தான் போகும். வந்த வழி முழுக்கத் தெரியும், போகிற இடம் மட்டும் தெரியாது. இருபது வருடமாக அப்படி நடந்து பழகியவனுக்கு இது பெரிய வித்தையில்லை.

முதல் சுற்றில் ஒரு பிழை இல்லை. நீலச் சேலை என் பக்கமாக அலையடித்து வந்துகொண்டிருந்தது. அவள் நிமிர்ந்து, மண்டபத்தின் நாலு மூலையையும் பார்த்துக்கொண்டு வந்தாள். கிணற்றடி மதிலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டவளின் முகம். ஒன்று இரண்டு மூன்று. இரண்டாவது சுற்றில் அவளுக்கு உசார் ஏறிவிட்டது. அடி நீண்டது.

"மெதுவாய்," என்றேன்.

"பயப்பிடாதையுங்கோ," என்றாள். "நான் பாத்துக்கொண்டுதான் போறன்."

சுவரோரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. ஐந்தாறு வருடமாக எங்களோடு தமிழில் ஒரு சொல் கதைக்காத பிள்ளை, மண்டபம் அதிரத் தமிழில் கத்தினாள்.

"அம்மா, கதிரை! கதிரை!"

அது டொக்டருடைய கதிரை. டொக்டரும் அதில் இருந்தார். நான் அவர் மடியில் முக்கால்வாசி இருந்துவிட்டேன். விழாமலிருக்க அவர் என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மனைவி சிரித்த சிரிப்பில் இசைத்தட்டுக் கேட்கவில்லை.

மங்களத்தின் கை என் முதுகிலிருந்து எடுபடவில்லை. டொக்டரின் மடியிலிருந்து நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"வந்திட்டமோ?" என்று கேட்டேன்.

அவளுக்கு விளங்கிவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னை இழுத்து எழுப்பி, மற்றப் பக்கம் திருப்பினாள்.

"கிட்ட வந்திட்டம்," என்றாள்.